செடித் தொட்டியில் சாது மீன்கள்

நகரங்களில் மாத்திரமே காணப்பட்டுவந்த கண்ணாடி மீன்தொட்டி இப்பொழுது வசதியுள்ள குடியானவர் வீட்டுக் கூடங்களிலும் இடம்பெற்று வருகிறது. பெரும்பாலும் பிள்ளைகளின் பிடிவாதத்தால் அது வருகிறது. ஓர் ஆண்டுக்குள் காலியாகித் திண்ணை மூலைக்குப் போய்ச் சேருகிறது. இடையில் நடப்பது என்னவென்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். கடைக்காரர் கொடுத்த பொன்மீன்கள் நான்கும், துடுப்பு நீண்ட ஏஞ்சல் மீன்கள் இரண்டும், புலிவரிக் கெண்டைகள் சிலவும் ஒன்றையொன்று கடித்தும், நீர் கெட்டும், ஒவ்வொன்றாய்ச் செத்து மிதக்கின்றன. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிச் சேர்த்துக் கொடுத்த கரிய உறிஞ்சுவாய் மீன் ஒன்று மட்டும் சாவதில்லை. அது வளர்ந்து தொட்டிக்குள் திரும்பவும் இடமில்லாமற் போனதும், கொல்ல மனம் வராமல், வீட்டார் அதை ஒரு வாளியில் எடுத்துச் சென்று ஊர் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றிய புண்ணியம் தங்களைச் சேர்ந்ததாகவும் எண்ணிக்கொள்கிறார்கள்.

அந்த ஒரு வாளியைப் பற்றியே இக்கட்டுரை. நெல்லுக்கும் கரும்புக்கும் எருவுக்கும் உரிய பக்கங்களில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், ஏரிக்கரையின் மீது யாருக்கு அக்கறை என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

மேற்படி உறிஞ்சுவாய் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கடைகளில் அதற்கு டேங்க் கிளீனர் என்று பெயர். உடல் முழுவதும் எலும்புத் தகடு போர்த்தது. முழ நீளம் வளரக்கூடியது. பிராணவாயு குறைந்த சேற்று நீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைப்பது. நமது நாட்டில் பல ஏரிகளிலும் ஆறுகளிலும் அது இன்று இனம் பெருக்கி வாழ்கிறது. வலையிற் சிக்கினால் அதன் முட்துடுப்புகள் வலையைக் கிழிக்கின்றன. பிடித்தவருக்கு விலையும் கிடைப்பதில்லை. இவற்றையெல்லாம்விட நிலமுடையோர் கவனிக்கவேண்டிய குணம் ஒன்றுண்டு. முட்டையிடுவதற்காக அது கரையிலே வளை குடைகிறது. புளோரிடா, மெக்சிகோ முதலிய இடங்களில் இவ்விதக் குடைவுகளால் கரைகள் அரிக்கப்படுவது பதிவாகியிருக்கிறது. நண்டு வளைக்கே அஞ்சி வரப்பை மிதித்து அணைக்கும் நாம், ஏரிக்கரையில் முழ ஆழ வளை குடையும் பிராணியைக் கையால் எடுத்துச் சென்று விடுகிறோம்!

அழகுக்காகவும் ஆதாயத்துக்காகவும் கொண்டுவந்தவை நம் நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்ட வரலாறு புதிதன்று. ஊதாப் பூவின் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை இன்று மடையை அடைத்துக்கொண்டு நிற்பதை ஆண்டுதோறும் கூலி கொடுத்து அகற்றுகிறோம். 1952-ஆம் வருஷத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இல்லாத குளம் இன்று தேடினாலும் அகப்படாது. அது வந்த குளங்களில் பழைய மீன்கள் குறைந்துபோயின என்பதை வயதான வலைஞர் எவரைக் கேட்டாலும் சொல்வார். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு அரசாங்கத் தடை இருந்தும் அது குளங்களில் தென்படுகிறது. மீன்தொட்டி இவ்வரிசையில் சிறிய வாசல்தான். ஆயினும் வீட்டுக்கு வீடு திறக்கும் வாசல்.

இதற்குப் பரிகாரமாகப் பிள்ளைகளின் ஆசையைத் தடுக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயமன்று. தடுத்தாலும் நில்லாது; தடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. எமது அபிப்பிராயம் யாதெனில், குடியானவர் வீட்டில் மீன்தொட்டி இருக்கவேண்டுமாயின் அதில் நமது வாய்க்காலின் சிறுமீன்களும் நமது வயலோரத்து நீர்ச்செடிகளும் இருக்கட்டும் என்பதே. அவை அழகிற் குறைந்தவையல்ல. நமது வெயிலுக்கும் நமது நீருக்கும் பழகியவை. தப்பி வாய்க்காலில் விழுந்தாலும் தாய்வீட்டுக்குப் போனதாகும். பலவகை மீன்களை ஒரே தொட்டியில் சண்டையின்றி வாழவைக்கும் கலைக்கு நம் மீன்களே மிகவும் ஏற்றவை என்பதையும் அநுபவத்தில் கண்டிருக்கிறோம்.

சண்டையின்றி வாழ்வதற்குக் காரணம் அவற்றின் சாதுக் குணம் மட்டுமன்று. ஒரே நீரில் வேறு வேறு மட்டத்தில் அவை குடியிருக்கின்றன. மேல்மட்டம் ஒன்றுக்கு, நடுமட்டம் ஒன்றுக்கு, அடிமணல் ஒன்றுக்கு என்று இயற்கையே பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஊடுபயிர் இடுவோருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆணிவேர் ஆழத்தில் உண்ண, சல்லிவேர் மேலே உண்ணும் முறைதான் இதுவும்.

நீர்ப்பரப்பை ஒட்டி வாழ்வது, தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் சிறுமீன். கிணற்றிலும் வாய்க்காலிலும் மேலிருந்து குனிந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பொட்டுத்தான். ஊருக்கு ஊர் அதன் பெயர் மாறும். சாஸ்திரிகள் அதனை அப்லோகைலஸ் என்று வழங்குகின்றனர். அதில் சிறு இனமும் பெரு இனமும் உண்டு. ஒன்றரை அங்குலத்தில் நின்றுவிடும் சிறு இனத்தையே எடுக்கவேண்டும். நாலங்குலம் வரை வளரும் வரியுடைய இனம் தன் வாய்க்கு அடங்கிய மீனை விழுங்கும். இவை தாவக்கூடியவையாகையால் தொட்டிக்கு மூடி அவசியம்.

நடுமட்டத்துக்குக் கெண்டைச் சாதி. இதில்தான் தேர்ந்தெடுப்பதில் புத்தி வேண்டும். வால் அடியில் ஒரு கரும்பொட்டும் முதுகுத் துடுப்பில் ஒரு கருங்கீற்றும் உடைய விரற்கடை நீளக் கெண்டை ஒன்று வயல் வாய்க்கால்களிற் கூட்டமாகத் திரிகிறது. புன்டியஸ் விட்டேட்டஸ் என்பது அதன் நூற்பெயர். அதைப்போல் சாதுவானதொரு மீனை நாம் கண்டதில்லை. எட்டுக்குக் குறையாமல் சேர்த்து விடவேண்டும். கூட்டத்தில் வாழும் மீனைத் தனியாகவோ இரண்டாகவோ விட்டால் பயத்தால் ஒளிந்தே கிடக்கும், அல்லது குணம் மாறி மற்றவற்றின் துடுப்பைக் கொறிக்கும். மீன்தொட்டிச் சண்டைகளிற் பாதி, மீனின் துஷ்டத்தனத்தால் விளைபவை அல்ல. வகைக்கு ஒன்றாய் வாங்கும் நம் ஆசையால் விளைபவை.

அடிமணலுக்கு அயிரை. மதுரைச் சீமையில் குழம்புக்கென்றே பெயர்பெற்ற மீனைத் தொட்டியில் விடச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மணலைச் சலித்து உணவு தேடுவதும், கண்மட்டும் தெரிய மணலிற் புதைவதும், திடீரென்று எழுந்து மேலே சென்று ஒரு வாய் காற்றை விழுங்கித் திரும்புவதுமாக அது செய்யும் விளையாட்டுகளைப் பார்த்தவர்கள் சட்டியை மறந்துவிடுவார்கள். இம்மீனுக்கு நூலோர் இட்ட தெர்மாலிஸ் என்னும் பெயர் வெந்நீரைக் குறிப்பது. இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியாய் வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்ததைக்கொண்டு 1846-இல் அப்பெயர் இடப்பட்டது. சித்திரை வெயிலில் தொட்டி நீர் சூடாகிவிடுமோ என்று அயிரைக்காகக் கவலைப்படவேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

செடிகளின் நிழலில் ஒதுங்கி வாழும் இன்னொரு மீன் உண்டு. வயல் மடுக்களிலும் சாலையோரப் பள்ளங்களிலும் இரண்டங்குல நீளத்தில், செம்பழுப்பு நிறத்தில், கூரிய வாலுடன் காணப்படும். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததை வைத்துப் பிரெஞ்சுப் பண்டிதர் குவியே 1831-இல் அதற்குக் குபானஸ் என்று பெயரிட்டார்; நமது ஊர்ப்பெயரே சிதைந்து சாஸ்திரப் பெயராகிவிட்டது. இது காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்புடையது. ஆண்மீன் ஓர் இலையின் கீழ் எச்சிற் குமிழிகளால் கூடு கட்டி, பெண் இட்ட முட்டைகளை வாயால் எடுத்து அதில் ஒட்டவைத்து, குஞ்சு பொரியும்வரை காவல் இருக்கிறது. ஜோடி ஒன்று போதும். அவ்வளவு சிறு பள்ளத்து மீனிடம் அவ்வளவு பொறுப்பு இருக்கும் என்று, பார்க்கும்வரை நாமும் நம்பவில்லை.

செல்லாக்காசு என்னும் மஞ்சள் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பங்கழி ஓரங்களிலும் அவற்றை அடுத்த நன்னீரிலும் கிடைக்கும் இம்மீனுக்கு அழகில் இணை கிடையாது. குஞ்சுகள் தாய் தந்தையரின் உடலில் ஊறும் வழவழப்பையே மேய்ந்து வளரும் அதிசயமும் அதனிடம் உண்டு. சாதாரண காலத்தில் சாதுவும்கூட. ஆனால் முட்டையிட்டுவிட்டால் தொட்டியில் பாதியைத் தனக்கென்று பட்டா போட்டுக்கொண்டு மற்ற மீன்களை மூலைக்குத் துரத்துகிறது. அதற்குத் தனித் தொட்டி கொடுப்பவர் கொடுக்கலாம். பொதுத் தொட்டிக்கு நாம் சிபாரிசு செய்யோம்.

விடக்கூடாத மீன்கள் எவையென்பதை எமது பிழையைக் கொண்டே சொல்வது நலம். முன்பொரு மழைக்காலத்தில் எமது தோட்டத்துக் கல்தொட்டியில் கெண்டைகள் இருபதுக்குமேல் செழிப்பாக இருந்தன. குளத்தோரத்தில் செவ்வண்ணமாய்த் திரண்டு நீந்திய குஞ்சுகளைக் கண்டு, பவளம் சிந்தினாற்போல் இருக்கிறதே என்று மயங்கி, கைக்குட்டையால் பத்தை அள்ளிவந்து விட்டோம். அவை விரால் குஞ்சுகள் என்று சொல்லித் தந்த முதிய ஏற்றக்காரரின் பேச்சைச் சட்டைசெய்யவில்லை. மாதம் ஒன்றில் சிவப்பு மறைந்து கருமை ஏறிற்று. கெண்டைகள் குறைந்துகொண்டே வந்தன. கொக்கின்மேல் பழியைப் போட்டு வலை கட்டினோம். மூன்றாம் மாதம் நீரை இறைத்தபோது விரால்கள் மூன்று இருந்தன. கெண்டை ஒன்றுகூட இல்லை; குஞ்சுகளில் ஏழையும் அம்மூன்றே தின்றிருக்கவேண்டும். விரால், குரவை, கெளுத்தி ஆகிய மூன்றும் எவ்வளவு சிறியவையாக இருப்பினும் பொதுத் தொட்டிக்கு ஆகா. கெளுத்தி பகலில் பதுங்கியிருந்து இரவில் வேட்டையாடுவதால் குற்றவாளியைக் கண்டுபிடிக்கவே நாளாகும்.

இனி நீரைப் பற்றி. மீன்தொட்டியின் வெற்றி தோல்வி மீனில் இல்லை, நீரில் இருக்கிறது. நீரின் நலமோ செடியில் இருக்கிறது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், இரண்டு சிறு பொன்மீன்களை வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியோடு சேர்த்து வைத்து, நீரை மாற்றாமலே அவை வாழ்வதை ஆராய்ந்து 1850-இல் வெளியிட்டார். முதலில் செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டதும் அவை அழுகலைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று குடியும் காவலுமாய் நிற்கும் இந்த ஏற்பாட்டிலிருந்தே இன்றைய செடித் தொட்டி பிறந்தது.

இதன் உட்பொருள் விவசாயிக்கு அந்நியமானதன்று. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. மணலிலும் கல்லிலும் இலையிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே; நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு, செடிக்கோ அது உணவு. நாம் நிலத்திலே இடும் யூரியா எவ்வழியே பயிருக்குச் சேருகிறதோ அதே வழிதான். ஆயின் புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். தொட்டி வாங்கிய அன்றே அதை மீனால் நிரப்புகிறவர்கள், நாற்றங்காலை உழாமலே விதை தெளிக்கிறவர்களை ஒப்பர். முதலில் செடி, செடி வேர்பிடித்துப் புதுத்தளிர் விட்டபின் நாலைந்து மீன், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக மற்றவை. இம்மாதிரிப் பொறுத்தவர்களிடம் மீன்கள் சாவது அரிது.

பகலில் செடிகள் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவில் அவையும் மீனைப்போலவே அதை உட்கொள்கின்றன. ஆகையால் விடியற்காலமே தொட்டிக்குக் கஷ்டகாலம். பாசி மிகுந்த குளத்தில் விடியும் வேளையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதைக் காவல்காரர்கள் கண்டிருப்பார்கள்; காரணம் அதுவே. நீர் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயு குறையும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் வாயு, 30 டிகிரியில் ஏறத்தாழ 7½ மில்லிகிராம்தான் கரைகிறது. ஆதலால் குளிர்தேசத்துப் புத்தகங்களில் சொல்லிய எண்ணிக்கையை அப்படியே நம் ஊருக்குக் கொள்ளலாகாது, குறைத்தே கொள்ளவேண்டும்.

தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம் இருந்தால் ஏறத்தாழ 106 லிட்டர் கொள்ளும். மண்ணும் வெற்றிடமும் போக 90 லிட்டர் நீர் நிற்கும். உயரமான தொட்டியைவிட நீண்ட தொட்டியே மேல், ஏனெனில் காற்று புகுவது மேற்பரப்பின் வழியாகத்தான். நிறைந்தபின் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஆகையால் ஆட்டம் காணாத கல்மேடையோ பலமான பலகையோ வேண்டும். லிட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் மீன் என்பது நாம் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி மேற்கூறிய தொட்டியில் பொட்டு மீன் 6, கெண்டை 8, அயிரை 5, குபானஸ் ஜோடி ஒன்று, ஆக 21 மீன்கள் சுகமாக வாழும். இருபத்தொன்று போதுமா என்று கேட்பவர்கள் முதலில் ஓர் ஆண்டு வைத்துப் பார்க்கட்டும்.

அடியில் ஓர் அங்குலம் வயல் மண், அதன்மேல் ஒன்றரை அங்குலம் கழுவிய மணல். அயிரைக்காக மணல் கூர்மையற்றதாக இருக்கவேண்டும். மண்ணைத் தரிசாய்க் கிடந்த வயலிலிருந்து எடுக்கவேண்டும். சமீபத்தில் உரமிட்ட மண் தொட்டியை அம்மோனியாவால் நிரப்பிவிடும். செடிகளுக்கு நர்சரிக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. நாம் களை என்று பிடுங்கி எறியும் வேலம்பாசி பின்புறத்தில் திரைபோல் வளரும்; நீரிலுள்ள சத்தை அதிவேகமாக உறிஞ்சுவதால் புதுத் தொட்டிக்கு அதுவே முதற் செடி. வயல் வரப்போரத்துச் சேற்றில் நீண்ட இலையுடன் நிற்கும் நாட்டு அதிவிடயத்தை வைத்தியர்கள் அறிவார்கள்; அது கிரிப்டோகோரைன் வகையைச் சேர்ந்தது; அவ்வினத்துச் செடிகளை அயல்நாட்டார் விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் நடுகிறார்கள். கொட்டிக் கிழங்கின் அலைபோன்ற இலையும், ஆரைக்கீரையின் நாலிதழும், நீர்ப்பிரமியும் முன்வரிசைக்கு ஏற்றவை. பிடுங்கியவற்றைத் தனி வாளியில் ஒரு வாரம் வைத்திருந்து, நத்தை முட்டையும் தும்பிப் புழுவும் நீக்கிய பின்னரே நடவேண்டும். தும்பிப் புழு சிறுமீனைப் பிடித்துத் தின்னும்.

நேர் வெயில் படாத இடத்தில், நாளொன்றுக்கு எட்டு மணி முதல் பத்து மணி வரை வெளிச்சம் கிடைத்தால் போதும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாதலால் ஒருநாள் அகன்ற பாத்திரத்தில் வைத்துக் கிளறி ஊற்றவேண்டும். குளோரின் கலந்த குழாய் நீருக்கும் அதுவே விதி. உணவோ, இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே: கொசுப்புழு, தண்ணீர்த் தெள்ளு, பொடித்த கடலைப் பிண்ணாக்கும் தவிடும் ஒரு சிட்டிகை. மீன் பட்டினியால் சாவதைவிட எஜமானின் தாராளத்தால் சாவதே அதிகம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் கவனிக்கவேண்டும். நாட்டு மீனுக்குச் சந்தையில் விலை இல்லை, அலங்கார மீன் வளர்ப்பை உபதொழிலாகக் கொள்ளும் விவசாயிக்கு அயல் இனங்களே பணம் தரும் என்பது ஒன்று. இதில் உண்மை இல்லாமலில்லை. சென்னை கொளத்தூரில் பல குடும்பங்கள் கப்பி, மோலி, ஏஞ்சல் முதலிய அயல் மீன்களை வளர்த்து விற்றே ஜீவிக்கின்றன. அத்தொழிலை நாம் பழிக்கவில்லை. வடிகால் ஏரிக்குச் செல்லாதபடி, மூடிய தொட்டிகளில், மழைக்காலத்தில் நிரம்பி வழியாமல் காத்து நடத்துகிறவர் நடத்தலாம். நாம் பேசுவது ஊர் நடுவே, வாய்க்கால் ஓரத்தில், காவலின்றி வைக்கும் வீட்டுத் தொட்டியைப் பற்றி. மேலும் நாட்டு மீனுக்கு விலை இல்லையென்பதும் முழு உண்மையன்று. மேற்குத் தொடர்ச்சி மலையாறுகளின் செங்கோடிட்ட கெண்டை ஒன்று மிஸ் கேரளா என்ற பெயரில் அயல்நாடுகளில் நல்ல விலைக்குப் போயிற்று. விளைவு, ஆற்றிலிருந்தே அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்ததில் அம்மீன் அருகிவரும் இனங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. எனவே நாட்டு மீன் என்று நாம் சொல்லும்போது, மலையாற்று அபூர்வங்களைத் தேடிப் போகச் சொல்லவில்லை. தாமிரபரணியில் மட்டுமே வாழும் கெண்டை தாமிரபரணியிலேயே இருக்கட்டும். எங்கும் மலிந்த வயல் மீன்களில் தொட்டிக்குத் தேவையான இருபதை எடுத்து, குஞ்சு பொரிக்கவைத்து, அண்டை வீட்டாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுப்பதே நாம் வேண்டுவது. மீன்பிடி உரிமை ஏலம்போன குளமாயின் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டு எடுக்கவேண்டும். இருபது சிறுமீனுக்கு மறுப்புச் சொல்பவரை நாம் கண்டதில்லை.

கொசுவுக்குக் கம்பூசியா போதுமே, தண்ணீர்த் தொட்டிகளில் அதை விடும்போது வேறு மீன் எதற்கு என்பது இன்னொன்று. அது 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவைத் தின்பது மெய்தான். தவளை முட்டையையும் மற்ற மீன்களின் குஞ்சையும் தின்பதும் மெய். மூடிய சிமிட்டித் தொட்டிக்குள் அது இருந்தால் பாதகமில்லை. கிணற்றுக்கும் குட்டைக்கும் நமது பொட்டு மீனே அவ்வேலையைச் செய்யும். தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டுதான் இருந்தது. இலாகாக்காரர்களில் சிலருக்கு இது உவப்பாயிராது என்பதை அறிவோம்.

நிற்க. இவ்வளவும் சொல்லியபின், மனத்தை உறுத்தும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வாய்க்காலில் மீன் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டோம். எத்தனை வாய்க்கால்களில் இன்று மீன் இருக்கிறது? குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் தெளிக்கும் மருந்துகளில் சைபர்மெத்ரின் முதலிய பைரித்ராய்டு வகைகள், லிட்டர் நீரில் ஒரு சில மைக்ரோகிராம் கலந்தாலே மீனைக் கொல்லக்கூடியவை. தெளித்த மறுநாள் வடிகாலைத் திறந்தால் அடுத்த வயலின் மடு முழுவதும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். தெளிப்பான் கழுவிய நீரை வாய்க்காலில் கொட்டுவதும் நாள்தோறும் காணும் காட்சியே. ஒரு வாய்க்காலில் பொட்டு மீனும் அயிரையும் இல்லையென்றால் அங்கே கொசுப்புழுவைத் தின்ன ஆளில்லை என்பது மட்டுமன்று. அந்த நீரைத்தான் நமது மாடுகளும் குடிக்கின்றன. கூடத்திலே ஒரு தொட்டியும் அதில் அந்த வாய்க்காலின் மீனும் இருக்கும் வீட்டில், தெளிப்பான் எங்கே கழுவப்படுகிறது என்பதைப் பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள் என்பது நமது நம்பிக்கை. கேட்ட வீடுகள் இரண்டை நாம் அறிவோம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். வயலில் என்ன பயிர் நின்றது என்பதற்கு அடங்கல் இருக்கிறது. ஏரியில் என்ன மீன் இருந்தது என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. அதனால்தான் எது எப்பொழுது போயிற்று, எது எப்பொழுது வந்தது என்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ ஊராட்சிக் கட்டடத்திலோ மேற்சொன்ன அளவில் ஒரு செடித் தொட்டி வைத்து, ஊர் ஏரியிலும் வாய்க்காலிலும் கிடைக்கும் சிறுமீன்களில் சாதுவானவற்றை அதில் வளர்த்து, எந்தத் தேதியில் எந்த மடையில் எடுத்தது, உள்ளூரில் அதற்கு என்ன பெயர் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவரச் செய்யலாம். விராலையும் கெளுத்தியையும் தொட்டியில் விடாவிட்டாலும் நோட்டில் எழுதலாம். செலவு அதிகமில்லை, கண்ணாடிக்கு ஆகும் விலையும் ஒரு விளக்கும்தான். அப்படியே, ஏரி மீன்பிடி ஏல அறிவிப்பில், வளர்ப்புத் தொட்டி மீன்களை ஏரியில் விடக்கூடாது என்றும், உறிஞ்சுவாய் மீன் வலையில் வந்தால் திரும்ப நீரில் எறியாமல் கரைக்குத் தொலைவில் புதைக்கவேண்டும் என்றும் ஒரு நிபந்தனை சேர்த்தால் நலம். வீட்டில் மிஞ்சிய அயல் மீன் இருப்பவர்கள் அதை விற்ற கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். வாங்கிக்கொள்ளக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

மீன் சேகரிப்பதற்குக் காலம் ஆற்றில் புதுநீர் வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி வழக்கப்படி திறக்கப்படும் ஆண்டுகளில், கடைமடை வாய்க்கால்களில் ஆடி பிறப்பதற்குள் சிறுமீன்கள் ஏறிவிடுகின்றன. முதல் மருந்து தெளிப்பதற்கு முன்பே எடுத்துவிடவேண்டும். கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்த கைவலையே போதுமானது. வெயிலுக்கு முன் காலையில், வாய்க்கால் நீரையே பாதி வாளி மொண்டு, வாளிக்குப் பத்து மீனுக்கு மேல் போடாமல், ஈரச்சாக்கால் மூடிக் கொண்டுவரலாம். வீட்டில் வாளி நீரில் தொட்டி நீரைக் குவளை குவளையாக அரைமணி நேரம் கலந்து பழக்கி, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடவேண்டும். வாளி நீரைத் தொட்டியில் ஊற்றாமல் தென்னை மரத்தடியில் ஊற்றிவிடலாம்.